அப்பாவின் கல்லில் இருக்கும் சொல்

இன்று காலைத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் அப்பாவின் கல்லைப் பார்த்திருப்பீர்கள். மேலே சிலுவை, அதன் கீழே பெயர், பிறப்பு, இறப்பு. வழக்கமாக இறைவசனம் எழுதும் இடத்தில் இரண்டே சொற்கள்: ‘தொறு சேந்துச்சு’. பங்குத்தந்தை கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது பலரும் அதைக் குனிந்து படித்திருப்பீர்கள். என்ன இது என்று கேட்க நினைத்து, நேரம் கருதிக் கேட்காமல் இருந்திருப்பீர்கள்.

அந்தச் சொல் அங்கே வந்த கதையைச் சொன்னாலே அப்பாவின் வாழ்க்கையைச் சொன்ன மாதிரிதான் என்றான் தம்பி. எழுதும் வேலை என்னிடம் வந்துவிட்டது. மகள் தூங்கும் நேரங்களில் எழுதி, படித்துப் பார்த்து, இது போதுமா, இது அதிகமா என்று அடித்து அடித்து எழுதியது இது. விட்டுப்போனவற்றை அப்பாவோடு பழகிய நீங்கள் உங்கள் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அப்பா நல்லம்பள்ளிப் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றில், மானாவாரிக் காடு வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். கூடப் பிறந்தவர் எங்கள் அத்தை ஒருவர்தான். தாத்தா இளம் வயதிலேயே இறந்துபோனார். அப்பாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தாத்தா செய்துவந்த வேலை அப்பாவுக்கு வந்தது. ஊரில் ஒவ்வொரு வீட்டு மாட்டையும் காலையில் ஒன்றாக ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய் மேய்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாடுகள் ஊருக்குள் நுழைந்ததும் தாமாகவே அதனதன் வீட்டுக்குப் பிரிந்து போய்விடும். ஆனால் மேய்த்தவர் உடனே வீட்டுக்குப் போகக் கூடாது. ஊர் முனையில் நின்று, “தொறு சேந்துச்சா?” என்று குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் “சேந்துச்சு” என்று பதில் வர வேண்டும். ஒரு வீட்டில் பதில் இல்லையென்றால் அந்த வீட்டு மாடு இன்னும் மலையில் இருக்கிறது என்று பொருள். அது கிடைக்கும்வரை மேய்த்தவருக்குச் சோறு இல்லை. இது யாரும் போட்ட சட்டம் அல்ல. தாத்தா அப்படிச் செய்தார், அதனால் அப்பாவும் செய்தார்.

பின்பு மழை பொய்த்த வருடங்கள் வந்தன. கிணறுகள் வற்றின. ஊரில் மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. அதற்குள் அப்பாவுக்குத் திருமணமாகி நானும் தம்பியும் பிறந்திருந்தோம். மேய்க்க மாடு இல்லாத அப்பா, இந்தப் பக்கத்து ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். மாடுகள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. தகரக் கொட்டகை வாசலில் நின்று, வேலை முடிந்து வந்த ஆட்களைப் பார்த்து, “தொறு சேந்துச்சா?” என்று கேட்பாராம். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் சோற்றுப் பானையைத் திறக்க விடுவாராம்.

இது எனக்கு அடக்கத்தன்றுதான் தெரியும். மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒரு அண்ணன், யாரென்று எங்களுக்குத் தெரியாதவர், ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். அருகில் போய்க் கேட்டேன்.

“நான் புதுசா வேலைக்குப் போனப்ப பஸ்ஸு மாறி ஏறிட்டேங்க. எங்க எறங்குனேன்னே தெரியல. கன்னடம் ஒரு வார்த்த வராது. ஒரு பஸ் ஸ்டாப்புல குந்திட்டு அப்படியே தூங்கிட்டேன். விடிஞ்சு கண்ணத் தொறக்கறேன், உங்கப்பா முன்னாடி நிக்கறாரு. எப்படித் தேடுனாரு, எவ்ளோ தூரம் நடந்தாரு, ஒண்ணும் சொல்லல. ‘எந்திரிடா, சோறு ஆறிப்போச்சு’ன்னாரு. கொட்டாயிக்கு வந்தா ஒருத்தனும் சாப்பிடாம இருக்கறான். உங்கப்பா வாசல்லயே நின்னு, ‘தொறு சேந்துச்சு’ன்னு கத்தனாரு பாருங்க...”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அப்புறம் அவனுங்க என்னய விடுவானுங்களா? பட்டினி போட்ட பாவின்னே பேரு வெச்சுட்டானுங்க. இன்னிக்கும் அதாங்க என் பேரு.”

அந்த அண்ணன் இன்று நம்மோடு வந்திருந்தால், தயவுசெய்து அவருக்கு முன்வரிசையில் இலை போடுங்கள்.

அப்பாவின் நுரையீரலில் சிமெண்ட் தூசி சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு அவர் ஊரோடு வந்துவிட்டார். நான் திருமணமாகித் தருமபுரியில் இருந்தேன். தம்பி சென்னையில் வேலையில் இருந்தான். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஃபோன் வரும். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. எடுத்ததும் “தொறு சேந்துச்சா?” என்பார்.

என் கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். “இன்னும் அவரு வரலைங்கப்பா” என்றால், “வந்ததும் சொல்லு” என்று வைத்துவிடுவார். பின்னால் அம்மாவின் குரல் கேட்கும்: “இந்த வூட்டுல ஒரு மனுசன் சோறு திங்கணும்னா ஓசூர் பஸ்ஸு கிருஷ்ணகிரியத் தாண்டணும். இது எந்த ஊரு நாயம்?”

என் சுபாவம் உங்களில் பலருக்குத் தெரியும். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்ப்பேன். மகளுக்கு நெற்றி லேசாகச் சுட்டாலே இரவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அப்பா தருமபுரி மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் ஒரு மதியம், நான் மாத்திரைகளைச் சரிபார்த்து, திரும்பச் சரிபார்த்து, செவிலியரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு எதுக்கெடுத்தாலும் பயங்கப்பா. எல்லாரும் சிரிக்கறாங்க” என்றேன்.

“அது பயமில்ல சாமி,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. “மேய்க்கறவங்க கொணம். திரும்பித் திரும்பிப் பாக்கறவங்கிட்டதான் மாட்ட நம்பி வுடுவாங்க.”

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, ஒரு மாலை நேரத்தில், அம்மா, அத்தை, தம்பி, என் கணவர், என் மகள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். விளக்குப் போடும் நேரம். அப்பா உதட்டை அசைத்தார், குரல் வரவில்லை. என்ன கேட்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் குனிந்து அவர் காதில், “தொறு சேந்துச்சுங்கப்பா” என்றேன். அப்பாவின் கண் ஒவ்வொருவர் மேலும் போய் வந்தது. பிறகு அமைதியாக இறைவனிடம் போய்விட்டார்.

அப்பா காதில் கடைசியாக விழுந்த அந்தப் பதிலைத்தான் முதலாண்டு நினைவு நாளுக்குக் கல் வைக்கும்போது எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய மறு நிமிடமே பயமும் வந்துவிட்டது. தொறு என்றால் உண்மையில் என்ன? எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம், ஆனால் யாருக்கும் பொருள் சொல்லத் தெரியாது. அது நல்ல சொல்தானா? கல் வெட்டுபவர் வேறு ஃபோனில், “யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கருங்கல்லு. ஒருதடவ வெட்டிட்டா எங்கப்பன் வந்தாலும் அழிக்க முடியாது” என்று சொல்லி என்னை இன்னும் கலங்கடித்தார்.

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன். அவர் தம் அறையிலிருந்த பழைய பெரிய அகராதியைப் புரட்டி, “இருக்கும்மா. தொறுன்னா பசுக்கூட்டம். பழைய சொல், இப்ப வழக்கத்துல இல்லன்னு போட்டிருக்கு” என்றார். எங்கள் தெருவில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் கேட்டதும், “எங்க பேச்சுல துறுன்னா பசுவு. அது எங்க வார்த்த, உங்கப்பா எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டாரு” என்று சிரித்தார். அப்படியானால் இது தமிழே இல்லையா என்று அன்றைக்கு முழுக்க எனக்குக் குழப்பம்.

அத்தைக்குக் குழப்பமே இல்லை. மறுநாள் பங்குத்தந்தையின் அறைக்கு என்னோடு வந்திருந்தவர், பொருளைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

“பாத்தியா, மாடுதான? சாமியாரே சொல்லிட்டாரு. எங்கண்ணன் கல்லறையில மாட்டப் பத்தி எழுதுவியா நீ?”

அருகிலிருந்த பங்குத்தந்தை சமாதானமாக, “நம்ம ஆண்டவரையே நாம நல்ல மேய்ப்பர்னுதானேம்மா சொல்றோம்” என்றார்.

“ஆடு வேறங்க சாமி, மாடு வேற” என்றார் அத்தை.

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல என் பேரச் சொல்லி ஒருத்தியும் கூப்பிட்டதில்ல. மாட்டுக்காரன் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாளுங்க. இப்பதான் எல்லாரும் மறந்திருக்கறாங்க. நீ அதக் கல்லுல வெட்டி வெக்கறேங்கற.”

அதற்குப் பிறகு என்னால் பிடிவாதமாக இருக்க முடியவில்லை. அத்தை சொல்வதும் நியாயம்தான். என் ஆசைக்காக அவர் காயத்தைக் கிளறுவதா? வழக்கமான வசனமே இருக்கட்டும் என்று கல் வெட்டுபவரிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

முதலாண்டுக்கு அழைப்புச் சொல்ல அந்த வாரம்தான் பக்கத்துக் காட்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா எங்கள் உறவினர் அல்ல, இந்துக் குடும்பம். ஆனால் அப்பாவும் அவரும் வரப்புத் தகராறு போட்டுக்கொண்டும் ஒரே செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டும் வாழ்ந்தவர்கள். அவர்கள் காட்டின் மூலையில், புளியமரத்தடியில் ஒரு பலகைக் கல் நிற்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள், அது வேறு சாமி என்று அந்தப் பக்கம் முகம் திருப்பாமல் நடப்பார்கள். மாமா வீட்டில் வருடா வருடம் அதற்கு எண்ணெய் தடவி, சுண்ணாம்பு பூசிப் பொங்கல் வைப்பார்கள். இப்படியாக, கும்பிடாதவர்கள் பார்க்கவில்லை. கும்பிட்டவர்கள் பூசிப் பூசி மூடிவிட்டார்கள்.

நான் போன அன்று பூசைக்காகப் பழைய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டிக்கொண்டிருந்தார் மாமா. கல்லில் வில் பிடித்த ஒரு ஆள் தெரிந்தார். அவர் காலடியில் மாடு போல ஏதோ. தலைக்கு மேலே வரிவரியாகச் சுருள் சுருளாகக் கீறல்.

“மாமா, இது எழுத்துங்களா?”

“எழுத்தோ, எறும்பு ஊர்ன தடமோ. எங்கப்பன் காலத்துல இருந்து இருக்குது.”

ஃபோனில் படம் எடுத்து, கல்லூரியில் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியை அம்மாவுக்கு அனுப்பினேன். தொந்தரவு செய்கிறோமோ என்று அனுப்பிய பிறகு ஒரு மன்னிப்பும் அனுப்பினேன். உடனே அழைத்துவிட்டார். “அந்தக் கல்லு மேல மறுபடியும் சுண்ணாம்பு பூச வேண்டாம்னு சொல்லும்மா. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து அம்மா, அத்தை, நான், மகள் நால்வரும் போனோம். அத்தை வரப்பிலேயே நின்றுகொண்டார், கையில் செபமாலை. “நான் இங்கயே இருக்கறேன். எனக்கு அங்க என்னா வேல?”

மாமா அவரைப் பார்த்து, “தங்கச்சி, எங்க வேடியப்பன் கடிக்க மாட்டாரு. உங்க ஏசுசாமி கோவிச்சுக்கிட்டா மட்டும் சொல்லு, நான் வந்து பேசிக்கறேன்” என்றார்.

பேராசிரியை அம்மா கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். எழுத்து தெரிய மாவு வேண்டும் என்றார். மாமாவின் மனைவி கேழ்வரகு மாவு கொண்டு வர, “இது வேணாம், வெள்ளையா இருக்கணும்” என்றதும் அரிசி மாவு வந்தது. ஈரம் காய்ந்த கல்லில் அதைத் தடவித் துடைத்தபோது, கீறல்களுக்குள் மட்டும் மாவு தங்கி, கல்லின் முகத்தில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. வட்டெழுத்து என்றார். மாமா தம்மையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் முதலில் தமக்குள்ளே படித்தார். பிறகு சொன்னார். ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய கல். இந்த ஊர் மாடுகளை யாரோ கவர்ந்துகொண்டு போயிருக்கிறார்கள். இந்த ஆள் துரத்திப் போய் அவற்றை மீட்டிருக்கிறார். மீட்டவர் அந்தச் சண்டையிலேயே உயிர் விட்டிருக்கிறார். அவருக்காக ஊர் வைத்த நினைவுக் கல் இது. பெயர் இருந்த இடம் மட்டும் உடைந்துவிட்டது.

“மாடுகள்னு எங்கங்க இருக்கு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் என் விரலைப் பிடித்து ஒரு சொல்லின் மேல் வைத்தார். “இங்க. தொறு. தொறு மீட்டு.”

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் அந்தக் கீறலுக்குள் இருந்தது, கல் குளிர்ந்திருந்தது. அப்பா சிறுவயது முதல் இந்தப் புளியமரத்தைத் தாண்டித்தான் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார், வந்தார். அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் போக, அதே சொல்லை முகத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருக்கிறார். ஒருவரை ஒருவர் தெரியாமல். நடுவில் அரசுகள் வந்து போயிருக்கின்றன, இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களெல்லாம் மறைந்திருக்கிறார்கள், எங்கள் முன்னோர்கள் மதமே மாறியிருக்கிறார்கள். மாலையானால் கேட்கும் அந்தச் சொல் மட்டும் வாயிலிருந்து வாய்க்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கன்னடச் சொல்லா என்ற என் குழப்பத்தையும் கேட்டேன். அதே சொல்தான் கன்னடத்தில் துறு என்று இருக்கிறது, பழைய தெலுங்கிலும் அதற்கு உறவுண்டு, மாடு மேய்ப்பவர்களைத் தொறுவர் என்று பழந்தமிழில் சொல்வார்கள் என்று விளக்கினார். “யாரும் யார்கிட்டயும் எடுத்துக்கல. ஒரு வூட்டுப் பிள்ளைங்க பாகம் பிரிஞ்சு போகும்போது ஆளுக்கு ஒண்ணு கொண்டு போற மாதிரி வெச்சுக்க.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “உங்க அப்பா சொன்னது இந்தக் கல்லுல இருந்துதான் வந்துச்சுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா. பழைய சொல் பல வழியில தங்கும். ஆனா சொல் இதேதான்” என்றார். நான் வெறும் ஆசையில் மிகைப்படுத்திவிடக் கூடாது என்பதால் அதையும் இங்கே எழுதிவிட்டேன்.

இதற்கிடையில் என் கையிலிருந்த மகள் நழுவி ஓடியிருந்தாள். மாவுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, கல்லின் பின்புறம் புதருக்குள் போகப் பார்த்தாள். நான் திரும்புவதற்குள் வரப்பிலிருந்து அத்தை ஓடி வந்துவிட்டார். செபமாலை ஒரு கையில் ஆட, இன்னொரு கையால் அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கல்லுக்கு நேர் எதிரே நின்றிருந்தார். பேராசிரியை அம்மா சொன்னதையெல்லாம் வரப்பிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போலும். வில் பிடித்த அந்த ஆளையும் அவர் காலடி மாட்டையும் நெடுநேரம் பார்த்தார்.

“இந்தாளும் மாட்டுக்காரருதானா?”

“ஆமாங்கம்மா” என்றார் பேராசிரியை.

“இவருக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பா, இல்லீங்களா?”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை என் மகளைக் கீழே இறக்கவேயில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கல்லு வெட்றவருக்கு ஃபோன் போடு. எங்கண்ணன் சொன்ன மாதிரியே எழுதச் சொல்லு. எழுத்து பெருசா இருக்கட்டும், தூரத்துல இருந்து படிக்கற மாதிரி.”

அப்படித்தான் அது எழுதப்பட்டது. கல் வந்து இறங்கியபோது அத்தைதான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

அப்பா வில் ஏந்தியவர் அல்ல. யாரோடும் சண்டையிட்டவரும் அல்ல, மாமாவோடு போட்ட வரப்புத் தகராறைத் தவிர. அவரை அந்த வீரரோடு ஒப்பிடலாமா என்று இப்போதும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் வழி தவறிய ஒருவரை விடியும்வரை நடந்து தேடிக் கூட்டிவந்து, வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி ‘தொறு சேந்துச்சு’ என்று சொன்னவர் அவர். மாடுகள் இல்லாத காலத்திலும் அந்த வேலையை விடாதவர்.

அப்பாவின் நோய்க்காலத்தில் உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஒவ்வொரு வாரமும் நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கும், கல்லறைக் குழி வெட்டிய ஊர் இளைஞர்களுக்கும், அடக்கத்தன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறையைத் தம் வீட்டு அடுப்பில் தீர்த்துவைத்த மாமா குடும்பத்தாருக்கும், ஒரு கல்லைப் படிப்பதற்காகப் பஸ் மாறி வந்த பேராசிரியை அம்மாவுக்கும், தூரம் பாராமல் இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் அம்மாவின் சார்பிலும் தம்பியின் சார்பிலும் என் கைகூப்பிய நன்றி.

இன்னும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சற்று நேரத்தில் வீட்டு முன்பந்தலில் சாப்பாடு. எல்லோரும் உட்கார்ந்ததும் அம்மா வாசலில் வந்து நின்று, அப்பா கேட்டதைக் கேட்பார். அம்மாவுக்குக் குரல் உடையலாம். உங்கள் பக்கத்து இடத்தைப் பாருங்கள், யாராவது வெளியே நின்றால் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டம் இங்கிருந்து பக்கம்தான். சத்தமாகச் சொன்னால் கேட்கும். அதன் பிறகு பரிமாறுவோம்.